தை மாதத்துக் கேள்வி

மலையடிவாரத்து முந்தலில் ஜீப்பு நின்றதும் அங்கே காத்திருந்த பேச்சிமுத்து பின்பக்கத்துத் தார்ப்பாயை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணன் சோலைமலை கம்பளிமேல் நீட்டிக் கிடந்தார். மலை மெட்டிலிருந்து இறங்குகிற வளைவுகள் அத்தனையிலும் தலை ஆடி இடித்துவிடாதபடி மொக்கம்மாள் அதைத் தன் மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். பேச்சிமுத்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வாயில் முதலில் வந்த பேச்சு வேறு.

"சுருளி, தலைய நீ வாங்கிக்க."

சுருளியம்மாளுக்குப் புரியவில்லை. செத்துப்போனது அவளுடைய அய்யா. பிடித்திருப்பது அவளுடைய ஆத்தா. நடுவில் அவள் வாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

"ஊருக்குள்ள நுழையுறப்ப இவுக மடியில இருக்க வேணாம். நாலு பேரு பாப்பாக. வெரசா மாத்து."

"கைய எடுத்தா இடிக்கும்," என்றாள் மொக்கம்மாள். கொழுந்தனைப் பார்த்துச் சொல்லவில்லை. டிரைவர் பிச்சைமணியிடம் சொன்னாள். "நீ வண்டிய எடு அப்பு. இவரு ஏறுனா ஏறட்டும், நடந்து வந்தா நடந்து வரட்டும்."

பிச்சைமணி பதினைந்து வருஷமாக மலையிலிருந்து போடிக்கு ஏலக்காய் மூட்டை இறக்குகிறவன். எஸ்டேட்டில் இந்த அம்மாள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவன் கியரைப் போட்டான். பேச்சிமுத்து ஓடி வந்து முன்சீட்டில் தொற்றிக்கொண்டார்.

ஜீப்பு போடி பஜாரைத் தாண்டி ராசிங்காபுரத்து வீட்டுக்குப் போனது. சுருளிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. சித்தப்பா எதை மனதில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவர் ஆத்தாளை மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "இவுக", அவ்வளவுதான். அய்யா உயிரோடு இருந்தவரை அது அப்படியே ஓடிவிட்டது. இனிமேல் ஓடாது.

அந்தப் பக்கத்துச் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டு, வக்கீல் என்று அலைய வேண்டியதில்லை. சாட்சிக்கு ஒருவர் இருக்க, புருஷன் ஒரு துரும்பை எடுத்து நீட்டுவான். அவள் அதை வாங்கிக்கொண்டு தாலியைக் கழற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. அவரவர் வழியில் போய் வேறு ஆளைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதில் கோளாறு ஒன்றுதான். துரும்பு புருஷன் கையில் இருக்கிறது. அவன் நீட்டினால்தான் உண்டு.

மொக்கம்மாளுக்கு அந்தக் கோளாறு நன்றாகத் தெரியும். பதினாறு வயதில் அவளைப் பொட்டிபுரத்தில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவனோடு வாழ முடியாது என்று இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. துரும்பு கொடு என்று மூன்று வருஷம் கேட்டாள். கொடுக்கமாட்டேன் என்று மூன்று வருஷம் அவன் மீசையைத் தடவிக்கொண்டு இருந்தான். கடைசியில் அவனுக்கு வேறு பெண் கிடைத்த பிறகுதான் இவளுக்கு விடுதலை கிடைத்தது. பிறகு சோலைமலை வந்து பெண் கேட்டபோது, பெரியவர்கள் பேசி முடிக்கிற வரை பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் மொக்கம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவராகத் துரும்பு எடுத்து நீட்டிக் கேட்க வேண்டும். போகிறாயா, இருக்கிறாயா என்று.

சோலைமலை சிரித்துவிட்டுச் சரி என்றாராம்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒவ்வொரு தையிலும், எஸ்டேட்டில் கடைசிக் காய் எடுத்து முடித்து, பொங்கலுக்கு ஊர் இறங்குவதற்கு முன்னால், லயத்து வீட்டு வாசலில் ஒரு புல்லைக் கிள்ளி நீட்டுவார். "போறியா, இருக்கியா?" ஆத்தா உடனே பதில் சொல்லமாட்டாள். "யோசிக்கணும்ல," என்பாள். சோறு வெந்து வடிக்கிற வரைக்கும் அவர் புல்லும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பிறகு ஆத்தா, "இந்த வருசம் இருக்கேன், அடுத்த வருசத்தப் பாப்போம்," என்பாள். "நீ?" என்று திருப்பிக் கேட்பாள். "நான் எங்கிட்டுப் போக? வெளிய குளிருதுல்ல," என்பார் அய்யா. சிறு பிள்ளையாக இருந்தபோது சுருளிக்கு இது விளையாட்டாக இருந்தது. வயதுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. எந்த வீட்டில் இப்படி நடக்கிறது?

எழுபத்தொன்றாம் வருஷம் தையில் விளையாட்டு வினையாகிவிட்டது. அய்யா அப்போது கங்காணி ஆகிவிட்டிருந்தார். கங்காணி பெண்டாட்டி கூடை தூக்கிக்கொண்டு காய் எடுக்கப் போகக் கூடாது என்று ஆத்தாளை வீட்டில் நிறுத்தியிருந்தார். அந்த வருஷம் பொங்கலுக்கு வாழைத்தாரும் வெல்லமும் கொடுக்க மலை ஏறியிருந்த பேச்சிமுத்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அய்யா டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், புல்லை நீட்டி, "இந்தா, போறியா, இருக்கியா" என்றார். ஆத்தா வாங்கிக்கொண்டாள். தாலியைக் கழற்றி டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேவாரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்ற வருஷங்களில் பார்க்க வெளியாள் இல்லை. அந்த வருஷம் சாட்சி இருந்தது. அதனால் செல்லும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். அய்யாவே போய்க் கூட்டிவந்தார். ஆனால் ஊரைக் கூட்டவில்லை, மறுதாலி கட்டவில்லை. சாயங்காலம் பஸ்சில் இறங்கி இருவரும் மலைக்குப் போனார்கள். மறுநாள் ஆத்தா கூடையோடு களைக்கு நின்றாள். அவ்வளவுதான் சேதி. சுருளிக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். "உங்க ஆத்தா துரும்பு வாங்குனவதானே" என்று மாமியார் வீட்டில் எத்தனை தடவை அவள் காதில் விழுந்திருக்கும் என்று கணக்கே இல்லை. அதற்காக அவள் ஆத்தாளை மன்னித்ததும் இல்லை.

ராசிங்காபுரத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சோலைமலையை பெஞ்சில் கிடத்தினார்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று மகளுக்குச் சொல்லி அனுப்பி, அவள் வந்து சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் பால் விடாத கட்டஞ்சாயா கேட்டு, அது ஆறுவதற்குள் போய்விட்ட மனுஷன். முகத்தில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. மொக்கம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணி வாக்கில் தேவாரத்து உக்கிரபாண்டி மாமா வந்தார். ஆத்தாளின் அண்ணன். தாம்பாளத்தில் கோடிச் சேலை வைத்து, நாலு பேரோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அது பெண்டாட்டிக்குத்தான்.

பேச்சிமுத்து பந்தலுக்கு வெளியே போய் எதிரே நின்றார்.

"மச்சான், துக்கம் விசாரிக்க வந்தீக, வாங்க. கோடி உள்ள வரக் கூடாது."

"ஏன் மாப்ளே?"

"உங்க தங்கச்சி எங்கண்ணனத் தீத்துவிட்டுப் போனவுக. நானே சாட்சி. தாலியக் கழட்டி வச்சதை என் கண்ணால பாத்தேன். மறுபடி கட்டுனதுக்கு யாரு சாட்சி? சொல்லுங்க. தாலி இல்லாதவுகளுக்கு எதை அறுக்க, எதுக்குக் கோடி போட?"

உக்கிரபாண்டிக்கு முகம் செத்துப்போனது. பந்தலில் அழுகை நின்றது. அழுவதைவிடக் கேட்பது முக்கியமாகிவிட்டது எல்லோருக்கும்.

"இவுக தலைமாட்டுல பெண்டாட்டியா உக்காந்தா நான் கொள்ளிச்சட்டி தூக்கமாட்டேன்," என்றார் பேச்சிமுத்து. "எந்திரிச்சு ஒரு ஓரமா உக்காரட்டும். அழட்டும், வேணாம்னு சொல்லலை."

சோலைமலைக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க உரிமைப்பட்டவர் தம்பி ஒருவர்தான். அய்யாவைக் கொள்ளி வைக்க ஆளில்லாமல் போட்டு வைக்கவா? சுருளி ஆத்தாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் யாரும் இல்லை.

"வாங்கலைன்னு சொல்லிரு ஆத்தா."

"எதை?"

"துரும்பைத்தான். பாத்தது சித்தப்பா ஒருத்தருதான். விளையாட்டுக்குச் செஞ்சோம், அண்ணன் வீட்டுக்கு விருந்தாடிப் போனேன்னு சொல்லு. நானும் அப்பிடித்தான்னு சொல்றேன். அய்யாவா வந்து இல்லைங்கப் போறாரு?"

"உங்கய்யா இல்லைன்னா நடந்தது நடக்காமப் போயிருமா?"

"உனக்கு வீம்புதான் பெரிசா? ஒரு வார்த்தை பொய் சொன்னா உன் மருவாதி நிக்கும். அய்யா நல்லபடியாப் போய்ச் சேருவாரு. பன்னெண்டு வருசமா உன்னால நான் பட்ட பேச்சு போதாதா?"

மொக்கம்மாள் மகளை நிதானமாகப் பார்த்தாள். கோபப்படவில்லை. அது சுருளியை இன்னும் சுட்டது.

"அந்த ஒரு தடவை நெசமா வாங்குனேன்டி. அதனாலதான் மத்த வருசமெல்லாம் வேணாம்னதும் நெசம். இப்ப இதைப் பொய்யின்னா, அம்புட்டும் பொய்யாப் போயிரும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தலைமாட்டில் முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை, ஆனால் தெருவரைக்கும் கேட்டது.

"பேச்சிமுத்து சொன்னது நெசம். துரும்பு வாங்குனேன். முகத்தப் பாத்துக் கேக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருந்தேன், ரேடியோவப் பாத்துக் கேட்டாரு. கேட்டா வேணாம்னுதான சொல்லுவான்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்பு வந்துட்டா பெறகு எதுக்குக் கேக்கணும்? அதான் வாங்குனேன்."

"அந்த மூணு மாசம் எங்கண்ணன் எப்பிடிக் கெடந்தாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் பேச்சிமுத்து. "மலைக்குக்கூடப் போகாம இந்த வாசல்ல உக்காந்து தேவாரத்துப் பாதையவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. சோறு எறங்கல. எங்காத்தா செத்தப்பக் கூட அவரு அப்பிடி இருந்ததில்லை."

"எனக்கும்தான் எறங்கல. அதுக்காக வாங்குனது தப்பாயிருமா? சித்திரையில வந்தாரு. மன்னிச்சுக்கன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. களைக்கு ஆளு பத்தலை, கூடை வாங்கி வச்சிருக்கேன்னாரு. அடுத்த வருசம் மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன்னாரு. கெளம்பிட்டேன். மறுபடி கட்டவான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?" என்றார் உக்கிரபாண்டி. கூடப்பிறந்தவருக்கே அது தெரியாது.

"கட்டாம இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் பயம் இருக்கும்ணே. எந்திரிச்சுப் போயிருவாளோன்னு அவருக்கு. போகச் சொல்லிருவாரோன்னு எனக்கு. அந்தப் பயத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம். இந்தத் தையிலயும் கேட்டாரு. இன்னொரு வருசம் பாப்போம்னேன்."

அந்த இடத்தில்தான் அவளுக்குக் குரல் கொஞ்சம் வழுக்கியது. உடனே நிமிர்ந்துகொண்டாள்.

"தாலி கட்டி இந்தப் பந்தல்ல உக்காந்திருக்க எத்தனை பேரை எந்தப் புருசன் கேட்டிருக்கான்? பன்னெண்டு வருசம் கட்டாம இருந்திருக்கேன். நான்தான் பெண்டாட்டி. உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். நீ தூக்காட்டிப் போ பேச்சிமுத்து. சுருளி தூக்குவா சட்டிய."

கூட்டம் சலசலத்தது. பொம்பளைப் பிள்ளை கொள்ளிச்சட்டி தூக்குவதா, சுடுகாட்டுக்குப் போவதா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். சுருளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தலில் புருஷன் கையால் அடி வாங்கின பெண்கள், பத்து வருஷமாகப் பேச்சில்லாத வீட்டுக்காரிகள், வேறு வீடு தேடிப் போகிற மைனர்களின் பெண்டாட்டிகள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் தாலி இருந்தது. ஒருத்தியும் ஆத்தாளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சுருளியின் புருஷன் காமராஜ் பந்தக்கால் பக்கத்திலிருந்து அவளிடம் வந்தான். போடி மில்லில் வேலை. சண்டை போடாதவன், குடிக்காதவன். வைத்ததைச் சாப்பிடுவான். என்ன குழம்பு என்றுகூடக் கேட்டதில்லை. சுருளி ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனதையும் கேட்கவில்லை, நின்றதையும் கேட்கவில்லை. அதை நல்ல குணம் என்று ஊர் சொன்னது. சுருளியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

இப்போது அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உனக்குச் சம்மதமா?"

"என்னது?"

"சட்டி தூக்க. உனக்கு மனசு இருந்தாத் தூக்கு. எங்க வீட்டுல யாரும் பேசாமப் பாத்துக்கிறேன். மனசு இல்லாட்டி வேற வழி பாப்போம். உன்னையத்தான் கேக்குறேன்."

பதின்மூன்று வருஷத்தில் அவன் அவளைக் கேட்ட முதல் கேள்வி என்று சொன்னால் பொய். ஆனால் பதிலுக்காக நின்ற முதல் தடவை அதுதான். சுருளிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது மொத்தமாக வந்தது. அவன் போகாமல் நின்றான்.

"தூக்குறேன்," என்றாள்.

பேச்சிமுத்து அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மொதல்ல குளிப்பாட்டுவோம். அதுக்கு எனக்கு உரிமை இருக்குல்ல," என்றார்.

வாசலில் காமராஜும் இன்னொருவரும் வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து மறைப்புக் கட்டி நின்றார்கள். குடத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்துப்போனார்கள். மொக்கம்மாள் தடுத்தாள்.

"வெந்நி கொண்டாங்க. அவருக்குப் பச்சத்தண்ணி ஆகாது."

"செத்த ஒடம்புக்கு வெந்நி எதுக்கு ஆத்தா?" என்றாள் யாரோ ஒருத்தி.

"கொண்டான்னா கொண்டா."

சுருளியே அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டு எடுத்துப்போனாள். மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்து அண்ணனோடு ஏதோ பேசிக்கொண்டே அரப்புத் தேய்த்தார். முதுகைத் திருப்புங்க என்றார், கையத் தூக்குங்க என்றார். பிறகு அரைஞாணை அறுக்கக் கத்தி கேட்டார். செத்தவர் இடுப்பில் கயிறு இருக்கக் கூடாது. கத்தி போனது.

சத்தம் நின்றுவிட்டது.

வெகுநேரம் ஒன்றும் கேட்காததால் காமராஜ் மறைப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுருளி பக்கம் திரும்பினான். என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை.

பேச்சிமுத்து வெளியே வந்தார். அரை வேட்டி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அறுத்த அரைஞாண் கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு தாலி. உராய்ந்து உராய்ந்து மழுங்கியிருந்தது. கருத்த கயிற்றில் அது மட்டும் மஞ்சளாக மின்னியது.

அவர் நேராக மொக்கம்மாளிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இது எப்பயிருந்து அவரு இடுப்புல கெடக்கு?"

"நான் திரும்பி வந்த அன்னையிலருந்து. எங்கிட்டக் குடுக்க வந்தாரு. உங்ககிட்டயே இருக்கட்டும்னேன். நீங்க கட்டிக்கிட்டா என்னன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். அவரு அப்பிடியே கட்டிக்கிட்டாரு."

"என்கூட ஆத்துல குளிச்சிருக்காரு, கெணத்துல குளிச்சிருக்காரு. ஒருநா கூடச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ ஊரக் கூட்டியிருப்பே."

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஊரைக் கூட்டியிருப்பார் என்பது அவருக்கே தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக அண்ணனுக்காக அவர் சுமந்த அவமானம் அண்ணனிடம் இருக்கவே இல்லை. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் சுருளிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"பொன்ன எடுத்து மக கையில குடுங்கப்பா," என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி. "எரிக்கக் கூடாது."

"யாரு சொன்னா?" என்றாள் மொக்கம்மாள். "அது அவரு கட்டிக்கிட்டது. யாரும் கட்டிவிடல, யாரும் அறுக்கவும் வேணாம். அவரோட போகட்டும்."

"அறுத்துட்டேனே," என்றார் பேச்சிமுத்து. சிறு பிள்ளை எதையோ உடைத்துவிட்டு வந்து சொல்வது மாதிரி இருந்தது.

அவர் அறுந்த கயிற்றிலிருந்து தாலியை உருவி எடுத்தார்.

"மஞ்சக்கயிறு இருந்தாக் குடுங்க மதினி."

மொக்கம்மாள் எழுந்துபோய் சாமி மாடத்திலிருந்து நூல்கண்டும் மஞ்சளும் எடுத்து வந்தாள். அவளே உட்கார்ந்து நூலைத் திரித்தாள். மஞ்சளை உரசித் தடவிக் கொடுத்தாள். பேச்சிமுத்து தாலியைக் கோத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். வேட்டி பிடித்துக்கொண்டிருந்த காமராஜின் கைகள் வலித்தன. யாரோ மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். உள்ளே பேச்சிமுத்து எத்தனை முடிச்சுப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

உக்கிரபாண்டி கோடிச் சேலையைத் தங்கச்சி தோளில் போட்டார். பந்தலுக்குள் அழுகை ஒரேயடியாக எழுந்தது. இடையில் நின்றுபோனதற்கும் சேர்த்து அழுதார்கள். மொக்கம்மாள் குனிந்து புருஷன் காதுப் பக்கம் ஏதோ சொன்னாள். சுருளி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். சட்டியை யார் எடுப்பது என்று ஒரு நிமிஷம் எல்லோரும் பார்த்தார்கள். பேச்சிமுத்து சுருளியிடம் வந்தார்.

"நான் தூக்கவா ஆத்தா? நீ சரின்னாத் தூக்குறேன். இல்லை, நீதான்னாலும் சரி."

"நீங்க தூக்குங்க சித்தப்பா," என்றாள். "நான் கூட வாறேன்."

அவர் உறியோடு சட்டியை எடுத்துக்கொண்டார்.

பங்குனி வெயில் தெருவில் கொளுத்தியது. பாடைக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டு தெருமுனை வரை வந்தார்கள். அங்கே கமலைக் கிணற்றுக்கு வண்டிப்பாதை பிரிகிறது. பெண்களுக்கு அதுதான் எல்லை. அங்கே நின்று, விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லோரும் நின்றார்கள்.

மொக்கம்மாள் நிற்கவில்லை. ஒரே சீராக நடந்து போனாள்.

முன்னால் போன பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். உறியில் சட்டி புகைந்துகொண்டிருந்தது.

"இதுக்கு மேல பொம்பளையாளுக வாறதில்ல."

"தெரியும்."

"பெறகு?"

"முப்பத்தாறு வருசத்துல, கங்காணி பெண்டாட்டி வாசலோட நின்னுக்கன்னு ஒரு தடவை சொன்னாரு. அதுக்கு என்ன செஞ்சேன்னு நீதான் பாத்தியே. நட, சட்டி சுடும்."

பேச்சிமுத்து உறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பாடையைத் தோளில் வைத்திருந்த காமராஜ் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் பின்னால் ஓட்டினான். சுருளி வருகிறாளா என்று பார்த்தான். எல்லையில் நின்ற பெண்களில் யாரோ, "அடியே சுருளி" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

ஆத்தாளை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. மலையில் ஏறி இறங்கின கால் அது. தோளில் போட்ட கோடிச் சேலை கஞ்சி விறைப்பில் சரசரவென்று சத்தம் போட்டது. முதுகுப் பக்கம் தேவாரத்து ஜவுளிக்கடைச் சீட்டு பிய்க்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றில் ஒரு முனை எழுந்து எழுந்து படிந்தது. சுருளி அதைப் பிய்த்துவிடக் கையை நீட்டினாள்.

"இருந்துட்டுப் போகுது விடு," என்றாள் மொக்கம்மாள் திரும்பாமலே. "வெரசா நட. அவுக முன்னாடி போயிட்டாக."